தோண்டியெடுத்த சட்டி

அரசாங்கக் கோப்பு ஒன்றில் வியாகுலம் என்ற பெயருக்கு எதிரே 'கீழ்ப்படிதல் இல்லாதவர்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைத் தட்டச்சு செய்தவன் நான்தான். வத்தல்மலை அடிவாரத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு மருந்தாளுநர் வேலை. ஊர்க்காரர்களுக்கு நான் கம்பவுண்டர் அல்போன்ஸ். குமாஸ்தா இடம் இரண்டு வருடமாகக் காலியாகக் கிடந்ததால் தட்டச்சு வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். டாக்டர் சொன்னார், நான் தட்டினேன். அந்த ஒரு வரியை வைத்து அவளை யாரும் எடைபோடக் கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள், என்னை அண்ணா என்று கூப்பிட்டவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

வியாகுலம் எங்கள் நிலையத்தின் கிராம சுகாதார நர்ஸ். கேழ்வரகும் நிலக்கடலையும் போடும் வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். வியாகுல மாதா திருநாளில் பிறந்ததால் அந்தப் பெயர். பெயர்தான் வியாகுலமே தவிர, துக்கத்தைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. புருஷன் சவரி லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் தொப்பூர் கணவாயிலும் பெங்களூர் ரோட்டிலும் இருப்பார். இரண்டு பிள்ளைகள், இரண்டும் நன்றாக இருந்தன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவள் செய்த காரியத்தைக் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும், "பாவம், அவளுக்கு ஏதாவது பிள்ளை தவறியிருக்குமோ" என்று ஒரு சொந்தத் துக்கத்தைத் தேடினார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. ஒரு பெண்பிள்ளை தைரியமாக ஒரு காரியம் செய்தால் அதற்குப் பின்னால் அழுகை இருந்தே தீர வேண்டுமா என்ன? அவளுக்குத் தன் வேலை தெரியும், அவ்வளவுதான்.

கோபம் வந்தால் அவளுக்குக் குரல் உயராது, தாழ்ந்துவிடும். ஒருமுறை மலைக்கு எடுத்துப் போக வேண்டிய தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் முழுக்கக் கரைந்து கிடந்தது. "பரவாயில்லை, போட்டுட்டு வா" என்றார் டாக்டர். வியாகுலம் பெட்டியை அவர் முன்னால் வைத்து, பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "அப்ப மொதல்ல உங்க பையனுக்குப் போடுங்க சார், நான் பாத்துட்டு எடுத்துட்டுப் போறேன்" என்றாள். அன்று யாருக்கும் ஊசி போடப்படவில்லை. டாக்டர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

டாக்டர் கிருஷ்ணப்பனைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பாம்புக்கடி என்று வந்தால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிவருவார். ஆனால் ஒரு நர்ஸ் தனக்குச் சொல்லிக்கொடுப்பதா என்பது அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். அந்த முள்ளோடுதான் வேலை பார்த்தார்.

1984-இல் நர்சுகளுக்குத் தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் பயிற்சி வைத்தார்கள். பிரசவப் பிரிவு டாக்டரம்மா ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பெடுத்தாராம். பாதிப் பேருக்குக் கண் சொக்கியிருக்கிறது. வியாகுலம் மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா சொன்னதை வந்த மறுநாளே மருந்து ஜன்னலில் நின்று எனக்கும் ஒப்பித்தாள். தாயின் மார்பில் பால் செய்கிற நொதிகள் இருக்கின்றன. என்சைம் என்று சொன்னாள். அவை பிள்ளை பிறந்த பிறகு வருவதில்லை. கர்ப்பம் பாதி ஆனதுமே வந்து சேரத் தொடங்கிவிடுகின்றன. ஆனாலும் வேலையை முழுதாகத் தொடங்குவதில்லை. கல்யாணச் சமையல்காரர்கள் முந்தின நாளே வந்து, காய் நறுக்கி, உலையும் வைத்துவிட்டு, வீட்டுக்காரர் சொல்லட்டும் என்று காத்திருப்பதுபோல. 'இன்னும் வேண்டாம், பொறு' என்று சொல்வது நஞ்சுக்கொடி. அதிலிருந்து வரும் ஒரு சுரப்பு கர்ப்பம் முழுக்க அந்த நொதிகளைப் பிடித்து நிறுத்தி வைக்கிறது. பிள்ளை பிறந்து, நஞ்சும் விழுந்ததும் தடை நீங்கிவிடும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மார் இறுகி, பால் இறங்கும்.

வகுப்பில் கேள்வி உண்டா என்று கேட்டபோது வியாகுலம் எழுந்து நின்றிருக்கிறாள்.

"அம்மா, நஞ்சுல ஒரு துண்டு மட்டும் உள்ள நின்னுடுச்சுன்னா?"

டாக்டரம்மா சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாராம். "துண்டு உயிரோட ஒட்டிக்கிட்டு இருந்தா, அது பழையபடி பொறு பொறுன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்கும். பால் வராது. வெளிநாட்டுல இப்பத்தான் ஒருசிலர் இதை எழுதியிருக்காங்க. நான் இன்னும் பாக்கலை. நீ பாத்தா வந்து சொல்லு."

வியாகுலம் தன் நோட்டில் அதை எழுதி இரண்டு கோடு போட்டாள். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நாங்கள் சும்மா இருப்போமா? அன்றிலிருந்து நிலையத்தில் அவளுக்கு 'என்சைம்' என்று பெயர். "என்சைம் வந்துட்டுது, டீ சொல்லுங்கப்பா" என்று ஜீப் டிரைவர் மாது தினமும் கிண்டல் செய்வான். சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போவாள்.

வத்தல்மலைக்கு அப்போது ரோடு கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். செவ்வாய்க்கிழமை விடியலில் ஏறுவாள், புதன் சாயங்காலம் இறங்குவாள். மலையில் நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. அவளும், மலையூரில் பிரசவம் பார்க்கும் சின்னக்காவும் பிறகு தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போயிற்று.

1986, தை மாதம். மலையில் சாமையும் கேழ்வரகும் போடுகிற சென்றாயன் என்பவனின் பெண்சாதி ராமக்காவுக்கு வெள்ளிக்கிழமை அந்தியில் இரண்டாவது பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. சின்னக்காதான் பார்த்தாள். அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு மூன்று நாளைக்குத் தாய்ப்பால் தரமாட்டார்கள். முதல் பால் ஆகாது என்று ஒதுக்கிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரும் வெள்ளாட்டுப் பாலும் துணியில் நனைத்துச் சப்பக் கொடுப்பார்கள். இந்த வழக்கத்தால் ஒரு வினை. தாய்க்குப் பால் இறங்கியதா இல்லையா என்று மூன்று நாள் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். நான்காம் நாள் ராமக்கா பிள்ளையை மாரில் போட்டபோது ஒரு சொட்டு வரவில்லை. கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள்.

ஐந்தாம் நாள் செவ்வாய். வியாகுலம் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. தாயின் மாரைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை பெறாதவள் மார்போலத் துவண்டு கிடந்தது.

"மொதப் பையனுக்கு எப்ப பால் வந்துச்சு ராமக்கா?"

"மூணாம் நாளே கல்லாட்டம் கட்டிக்கிச்சுங்க நர்சம்மா. ரவிக்கை எல்லாம் நனஞ்சு போச்சு. இந்த வாட்டிதான் ஒண்ணையும் காணோம்."

வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். ஐந்தாம் நாளில் கருப்பை எவ்வளவு இறங்கியிருக்க வேண்டுமோ அவ்வளவு இறங்கவில்லை. உதிரமும் நிறம் மாறாமல் சிவப்பாகவே பட்டுக்கொண்டிருந்தது. ரொம்ப இல்லை, ஆனால் நிற்கவும் இல்லை. நோட்டில் இரண்டு கோடு போட்ட வரி அவளுக்குக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வெளியே வந்து சின்னக்காவைக் கேட்டாள்.

"நஞ்சு முழுசா வந்துச்சாக்கா?"

"வந்துச்சே."

"திருப்பிப் போட்டுப் பாத்தியா?"

சின்னக்கா பார்த்திருக்கவில்லை. நூறு பிரசவத்துக்கு மேல் பார்த்தவள் அவள். வழக்கமாக நஞ்சை இரண்டு கையிலும் ஏந்தித் திருப்பிப் பார்ப்பவள்தான். அன்றைக்கு அந்தி நேரம், வாசலில் நாய் வேறு சுற்றிக்கொண்டிருந்தது. அவசரமாகப் புதுச்சட்டியில் போட்டு மூடிவிட்டாள். அந்த ஊர் முறைப்படி சாம்பலும் கல்லுப்பும் கொட்டி, தாய் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் இடத்தில் குழி பறித்துப் புதைத்து, மேலே ஒரு பலகைக்கல்லை வைத்தாயிற்று. பதினோராம் நாள் தாய் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்தக் கல்லை யாரும் தொடக் கூடாது. தொட்டால் தாய்க்குப் பால் வற்றிவிடும்.

"அதைத் தோண்டணும்" என்றாள் வியாகுலம்.

சென்றாயன் ஒரு அடி பின்னால் போனான். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். சின்னக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"என்னா பேசற நர்சம்மா? வேதக்காரிங்களுக்கு எங்க மொறை என்னா தெரியும்? தோண்டினா பால் வத்திப்போயிடும்."

வியாகுலத்தின் குரல் தாழ்ந்தது. "வராத பால் எப்படிக்கா வத்தும்?"

யாரும் நகரவில்லை. ஊரே எதிரே நிற்க, தனியாக ஒருத்தி. அவர்கள் அப்படியே அவளை மலையை விட்டு விரட்டியிருக்கலாம், அதன் பிறகு அவள் அந்த ஊரில் காலே வைத்திருக்க முடியாது. அவள் போய் அந்தக் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கல்லை அவள் தொடவில்லை. "உள்ள ஒரு துண்டு நிக்குதுன்னு நினைக்கறேன். நின்னா பால் வராது, அது மட்டுமில்ல, திடீர்னு ஒரு நாள் மொத்தமா ரத்தம் போயிடும். டோலி கட்டறதுக்குள்ள உசுரு போயிடும். துண்டு நிக்கலைன்னா நான் சொன்னது தப்பு, என்னை எது வேணாலும் பேசுங்க. அது தெரியறதுக்கு இந்த ஒரு எடம்தான் இருக்குது."

கடைசியில் வாசற்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்ற ராமக்காதான் சொன்னாள். "எடுங்க. எம் பால்தானே, போனா எனக்குத்தானே போவுது."

சின்னக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "நீ தள்ளு நர்சம்மா. கல்லை நான் எடுக்கறேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும். ஆனா பதினோராம் நாளுக்கு முந்தி இது திரும்பி இந்தக் குழிக்கு வந்தாகணும்."

"வரும்" என்றாள் வியாகுலம்.

உப்பிலும் சாம்பலிலும் கிடந்ததால் நஞ்சு சுருங்கியிருந்ததே தவிர உருக்குலையவில்லை. வியாகுலம் ஒரு தாம்பாளத்தில் அதை விரித்து, சாம்பலைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். சின்னக்காவும் குனிந்தாள். கருஞ்சிவப்புத் திட்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி இருக்க வேண்டிய இடத்தில், ஓரமாக, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பள்ளம். அதன் விளிம்பு பிய்ந்து கிடந்தது. முதலில் விரல் வைத்தவள் சின்னக்காதான். "இங்க இல்லை" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. டோலிக்குக் கம்பளி கட்டச் சொல்லி ஆட்களை அவளே விரட்டினாள்.

மதியம் இரண்டரை மணிக்கு அவர்கள் எங்கள் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இனி நான் கண்ணால் பார்த்தது.

டாக்டர் ராமக்காவின் நாடியைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். "அஞ்சாம் நாள் உதிரம் சகஜம். ரத்த சோகை, மாத்திரை கொடு. பால் இல்லைன்னா பவுடர் டின் இருக்கு, கரைச்சுக் குடுக்கச் சொல்லு. இதுக்கு எதுக்கு மலையிலிருந்து ஆளைத் தூக்கிட்டு வந்தே?"

"நஞ்சுல ஒரு துண்டு உள்ள இருக்குதுங்க சார். அதனாலதான் பால் வரல. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஜீப்பு வேணும்."

"பாலுக்கும் நஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"என் நோட்டுல இருக்குதுங்க சார்."

டாக்டர் சிரித்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். என்சைம் கதை மறுபடியும் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் அவள் வெளியே போய், வராந்தாவில் வைத்திருந்த சட்டியை எடுத்துவந்து டாக்டர் மேசைமேல், கடிதங்கள் கிடந்த இடத்தில் வைத்து மூடியைத் திறந்தாள். நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

"புத்தகம் இதுதாங்க சார். பாருங்க."

டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. குனிந்து பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும், படித்தவர். ஆனால் குனிவதா? என் பக்கம் திரும்பினார். "அல்போன்ஸ், நீ பாருய்யா. உனக்கு ஏதாவது குறையுதா தெரியுதா?"

நான் பார்த்தேன். அந்தப் பள்ளம் பளிச்சென்று தெரிந்தது. ஆட்டுக்கறி வாங்கத் தெரிந்தவனுக்கும் தெரிந்திருக்கும். டாக்டர் முகத்தையும் பார்த்தேன். எனக்கு இடமாற்ற விண்ணப்பம் அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க சார்" என்றேன்.

வியாகுலம் என்னைத் திட்டவில்லை. ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். இன்றுவரை அந்தப் பார்வையைக் கழுவ முடியவில்லை. சட்டியை மூடினாள். "ஜீப்பு" என்றாள் மறுபடியும், அடித்தொண்டையில்.

"நாளைக்குக் குடும்ப நல முகாம். ஆள் ஏத்திட்டு வரணும், டீசல் அளவா இருக்கு. முடியாது. அந்தப் பொம்பளையை வார்டுல படுக்க வை. என் உத்தரவில்லாம நீ இங்கேருந்து நகரக் கூடாது."

அவள் நகர்ந்தாள். ஒரு கையில் சட்டி, ஒரு தோளில் பிள்ளை. பின்னால் டோலி. ரோட்டோரத்தில் நின்று கையை நீட்டினாள். புளி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் கேட்ட ஒரே கேள்வி, "ரத்தமா?" என்பதுதான். "ஆமாங்க" என்றாள். "ஏறுங்க" என்றார். அவர் யாரென்று இதுவரை எனக்குத் தெரியாது. உத்தரவு எதுவும் வாங்காமல் அன்று உதவி செய்தவர் அந்த ஒருவர்தான். மாது ஜீப்பின் மேல் சாய்ந்து லாரி போகும் திக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பிறகு அவன் அவளை என்சைம் என்று கூப்பிடவில்லை.

பெரியாஸ்பத்திரியில் நடந்தது வியாகுலம் சொல்லிக் கேட்டது. பிரசவப் பிரிவுக்கு வந்தது பயிற்சியில் வகுப்பெடுத்த அதே டாக்டரம்மா. சட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ராமக்காவின் மாரைத் தொட்டுப் பார்த்தார். "ஒரு சொட்டுகூட இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா. அஞ்சு நாளாச்சு."

"நீ பயிற்சியில எழுந்து கேள்வி கேட்டவதானே?"

"ஆமாங்கம்மா. பாத்தா சொல்லுன்னீங்க."

அதற்கு மேல் பேச நேரமில்லை. ராமக்காவை மேசையில் ஏற்றிப் படுக்க வைத்த சில நிமிடத்தில் உதிரம் மடை திறந்த மாதிரி கொட்டத் தொடங்கியது. மேசையில், விளக்கடியில், ரத்த பாட்டிலும் டாக்டரும் பக்கத்தில் இருக்கும்போது கொட்டியது. அதுவே எங்கள் வார்டில் கொட்டியிருந்தால் நாங்கள் ஜீப்புச் சாவியைத் தேடிக்கொண்டிருப்போம். மலையில் கொட்டியிருந்தால் பேச ஒன்றுமே இல்லை. டாக்டரம்மா துண்டை எடுத்தார். தாம்பாளத்தில் நஞ்சை விரித்து, எடுத்த துண்டை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாராம். பொருந்தியது.

செவ்வாய் சாயங்காலம் துண்டு வெளியே வந்தது. வியாழக்கிழமை காலையில் ராமக்கா கண்விழித்தபோது போர்வை ஈரமாக இருந்திருக்கிறது. மறுபடியும் ரத்தமோ என்று பயந்து வியாகுலத்தைக் கூப்பிட்டிருக்கிறாள். ரத்தமில்லை, பால். ஏழு நாள் சர்க்கரைத் தண்ணீரில் கிடந்த பிள்ளை, முதல்முறை மார் பிடித்துக் குடித்து, அப்படியே தூங்கிப்போயிற்று. வியாகுலம் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாளாம். அவள் அழுததாக நான் கேள்விப்பட்டது அந்த ஒருமுறைதான், அதுவும் சந்தோஷத்தில்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு வராமல் சட்டியை எடுத்துக்கொண்டு மலையேறினாள். குழியில் வைத்து மூடி, சின்னக்காவோடு சேர்ந்து கல்லைத் தூக்கி வைத்தாள். துண்டையும் டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கி, சேர்த்தே புதைத்தாள். வேதக்காரி கொடுத்த வாக்கு அது. பூசைக்கு ஏன் வரவில்லை என்று ஃபாதர் கேட்டதற்கு, "ஒரு அடக்கத்துக்குப் போயிருந்தேனுங்க ஃபாதர்" என்று சொன்னாளாம்.

திங்கட்கிழமை டாக்டர் என்னைக் கூப்பிட்டு மெமோ தட்டச்சு செய்யச் சொன்னார். உத்தரவை மீறிப் பணியிடத்தை விட்டுச் சென்றது. அலுவலக மேசையில் அழுகிய பொருளை வைத்து அவமதித்தது. மூடநம்பிக்கையின் பேரில் மக்களிடம் பீதி கிளப்பியது. அதன் கீழேதான் அந்த 'கீழ்ப்படிதல் இல்லாதவர்' வரி. ராமக்கா பிழைத்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. நான் தட்டினேன். விரல் வலித்தது என்று பொய் சொல்ல மாட்டேன், வலிக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, தட்டினேன்.

மாசி கடைசியில் மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். எங்கள் நிலையத்திலேயே, அதே அறையில், அதே மேசையில். தட்டச்சுப் பொறியோடு நான் ஓரத்தில். விசாரணை என்று கேள்விப்பட்டு யாரும் கூப்பிடாமலே மலையிலிருந்து ராமக்காவும் சின்னக்காவும் இறங்கி வந்திருந்தார்கள். பிள்ளையைச் சின்னக்கா வராந்தாவில் வைத்துக்கொள்ள, ராமக்கா உள்ளே வந்து சுவரோரமாக நின்றாள்.

டாக்டரம்மாவின் கடிதம் அதிகாரி கையில் இருந்தது. துண்டு இருந்தது, எடுக்கப்பட்டது, உயிர் பிழைத்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. அன்று 'உதிரம் சகஜம்' என்று தானே சொன்னதை விழுங்கிவிட்டு, டாக்டர் கிருஷ்ணப்பன் வேறு வழியில் வந்தார். "உதிரம் போகுதுன்னு சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேன் சார். இவங்க சொன்னது பால் வரலைன்னு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ஏதோ குருட்டாம்போக்குல சரியாயிடுச்சு."

அதிகாரிக்கு அது சௌகரியமாக இருந்தது. வியாகுலத்தைப் பார்த்து, "சார்கிட்ட ஒரு மன்னிப்பு எழுதிக் குடும்மா, இதோட முடிச்சுக்கலாம்" என்றார்.

"எதுக்குன்னு எழுதறதுங்க சார்?"

"சும்மா, மனசு நோகப் பேசிட்டேன்னு."

"மனசு நோகட்டும்னுதாங்க சார் சட்டியை வெச்சேன்."

அதிகாரி பெருமூச்சு விட்டு என் பக்கம் திரும்பி, எழுதிக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டினார். "தாய்க்குப் பால் சுரக்காததற்கும் நஞ்சுக்கொடிக்கும் தொடர்பு உண்டு என்பது ஆதாரமற்ற நம்பிக்கை" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கினார். நான் பாதி தட்டியிருப்பேன். வராந்தாவில் பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது. நல்ல தெம்பான அழுகை. ராமக்கா அசையவில்லை. ஆனால் பிள்ளையின் குரல் கேட்ட மாத்திரத்தில் அவள் புடவை மார்புப் பக்கம் நனைந்தது. இரண்டு பக்கமும் ஈரம் வட்டமாகப் பரவி, இடுப்புவரை இறங்கியது. அவள் மறைக்கவில்லை. அதிகாரி பேச்சை நிறுத்திவிட்டார். டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"உள்ள அது இருந்த வரைக்கும் எனக்கு ஒரு சொட்டு வரலீங்க" என்றாள் ராமக்கா. "எடுத்த மூணாம் நாள் வந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் நிக்கலீங்க. இதுக்கு மேல என்னா ஆதாரமுங்க வேணும்?"

சொல்லிவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்க வெளியே போய்விட்டாள்.

நான் காகிதத்தைப் பொறியிலிருந்து உருவினேன். "சார், அன்னிக்கு நான் பாத்தேன். ஒரு துண்டு இல்லாதது எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. தெரியாதுன்னு பொய் சொன்னேன். அதையும் சேத்துக்குங்க" என்றேன். புதுக் காகிதம் போட்டு என் வாக்குமூலத்தை நானே தட்டினேன். அன்றைக்கு டீ வந்தபோது வியாகுலம் ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். என் இடமாற்ற விண்ணப்பம் அந்த வருடம் டாக்டரின் மேசையை விட்டு நகரவில்லை. நகராமலே போகட்டும்.

அதிகாரி அந்த 'ஆதாரமற்ற நம்பிக்கை' வரியை விட்டுவிட்டார். ஆனால் அரசாங்கம் அரசாங்கம்தானே. முடிவு சரியாக இருந்தாலும் முறை தவறு என்று எழுதி, இனி இப்படி நடந்துகொள்ளக் கூடாது என ஒரு எச்சரிக்கையைக் கொடுத்தார். மூன்று மாதத்தில் அவளைச் சித்தேரி மலைக்கு மாற்றினார்கள். அங்கே பாதை இதைவிட மோசம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே முதல் வாரமே பிரசவம் பார்க்கும் பெண்களையெல்லாம் கூட்டி, நஞ்சைத் திருப்பிப் பார்க்காமல் யாரும் சட்டியில் போடக் கூடாது, பிறந்த பிள்ளையை அன்றைக்கே மாரில் போட வேண்டும் என்று சண்டைக்கு நின்றாள் என்று கேள்விப்பட்டேன்.

எச்சரிக்கையைப் பெற்றுக்கொண்டதற்கு அவள் கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தை அவளிடம் நீட்டியவனும் நான்தான். படித்தாள். பேனாவை வாங்கினாள். கையெழுத்துக்கு மேலே, காலியாக இருந்த இடத்தில், நிதானமாக ஒரு வரி எழுதினாள். அதிகாரி கிழித்துவிட்டு வேறு காகிதம் தரச் சொன்னார். "எத்தனை காகிதம் குடுத்தாலும் இதைத்தாங்க சார் எழுதுவேன்" என்றாள். கடைசியில் அதுவே கோப்பில் சேர்ந்தது. நான் தட்டிய 'கீழ்ப்படிதல் இல்லாதவர்' என்ற வரிக்கு அடுத்த பக்கத்தில், அவள் கையெழுத்தில், இன்னும் இருக்கிறது:

'மலையில் இன்னொரு தாய்க்குப் பால் வராவிட்டால், இன்னொரு சட்டியையும் தோண்டுவேன்.'